ஆயா பாடியதற்கு உரிமம் எங்கே?

ஒலிப்பதிவுக் கருவிகளும் செயலிகளும் உருவாக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர்களுக்கு,

கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பி.எஸ்சி. கணினி அறிவியல் வகுப்புக்குப் பகுதி-1 தமிழ் பல வருடம் என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று சென்னையிலும் பெங்களூருவிலும் கடல் கடந்தும் மென்பொருள் எழுதுகிறார்கள். போனில் குரலைப் பதியும் செயலியோ, கையடக்க ரெக்கார்டரோ, பாட்டுக் கேட்கும் மென்பொருளோ, ஏதோ ஒன்றில் அவர்கள் கை பட்டிருக்கும். அதனால் முகம் தெரியாதவர்களுக்கு எழுதுகிறோம் என்ற கூச்சம் எனக்கு இல்லை.

2005 கோடை விடுமுறையில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஊருக்கு ஒப்பாரிப் பாட்டுச் சேகரிக்கப் போனேன். அங்கே பாடுவதற்குப் பெயர்போன ஒரு ஆயா இருந்தார். அவருக்கு அப்போது எழுபதை ஒட்டி வயது. நடவிலும் அறுப்பிலும் முன்பாட்டு எடுப்பவர். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஆள் விட்டு அழைப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து ரெக்கார்டரை எடுத்ததும் அவர் எழுந்துவிட்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் சாவை வா என்று கூப்பிட்ட மாதிரி. வீட்டுக்குள் மட்டுமல்ல, தெருவிலும் பாடமாட்டேன் என்று சொல்லி ஊருக்கு வெளியே களத்துமேட்டுக்கு என்னையும் கூட வந்த என் மாணவனையும் கூட்டிப் போனார். அறுப்பு முடிந்து வெறிச்சென்று கிடந்த களம். கருவேல மரத்து நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி இரண்டு அடி இழுத்தார். சட்டென்று நிறுத்திவிட்டார்.

"யாருக்கு அழுவுறதுன்னு சொல்லு தம்பி. சும்மா அழுவ முடியாது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "கூடப் பொறந்தவங்க யாராச்சும், ஆயா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வேலை தேடிப் போய்த் திரும்பாத தன் அண்ணனுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் அழுதார். இரண்டாவது அடியிலேயே குரல் வேறு ஆளுடையது போல ஆகிவிட்டது. நடுவில் தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதுவும் பதிந்தது. முடிந்ததும் இயர்போனை அவர் காதில் வைத்துக் கேட்கச் செய்தேன். இமை கொட்டாமல் கேட்டவர், "இது எங்க ஆத்தா குரலுல்ல!" என்றார்.

மூன்று கோடை விடுமுறைகளில் பதினோரு ஊர்கள் சுற்றினேன். ஒப்பாரி, தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மி, விடுகதை, சும்மா பேசிக்கொண்டிருந்த பேச்சு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 31 மணி நேரம். அதில் நாற்பது நிமிடத்தைத் தவிர மற்ற எதையும் இன்று என்னால் கேட்க முடியாது. எதுவும் அழியவில்லை. நான்கு குறுந்தகடுகளில் பத்திரமாக இருக்கிறது. பூட்டு போட்டு இருக்கிறது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எனக்கு வாங்கிவந்த சிறிய டிஜிட்டல் ரெக்கார்டர் அது. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இந்த மடலுக்குத் தேவையில்லை. ஒலித்தரம் அருமையாக இருக்கும். ஆனால் கணினியில் இணைத்தால் பென் டிரைவ் மாதிரி ஃபைல்களைக் காட்டாது. அதோடு தந்த மென்பொருளை நிறுவி, அதன் வழியாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் கருவியிலிருந்த பதிவு அழிந்துவிடும். கணினியில் இருப்பது மட்டுமே மிச்சம். அந்த ஃபைலை மென்பொருள் மறையாக்கம் செய்து, திறக்கும் சாவியை அந்த ஒரு கணினிக்குள்ளேயே எங்கோ வைத்தது. திருட்டு நகலைத் தடுக்கும் ஏற்பாடு என்று பின்னாளில் தெரிந்தது. அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, திரையிலும் எதுவும் வரவில்லை. கவனமாக இருப்பதாக நினைத்து எல்லாவற்றையும் குறுந்தகட்டில் எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெயரும் தேதியும் மார்க்கரால் குறித்து வைத்தேன்.

2008-ல் ஹார்ட் டிஸ்க் போயிற்று. பதறவில்லை, கைவசம் நகல் இருந்ததே. புதிய சிஸ்டத்தில் குறுந்தகட்டைப் போட்டேன். ஃபைல் பெயர்கள் வந்தன, அளவும் சரியாக இருந்தது. ஒன்றைத் திறந்தேன். இதை இயக்க உங்களுக்கு உரிமம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். அன்று மட்டும் எத்தனை முறை திறந்திருப்பேன் என்று நினைவில்லை. சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். பழைய கணினியின் சாவி இல்லாமல் ஒன்றும் செய்வதற்கில்லை, பாட்டு நிறுவனங்களின் பதிப்புரிமையைப் பாதுகாக்க அப்படி வைத்திருக்கிறார்கள், சார் என்றான். எந்தப் பாட்டு நிறுவனம்? களத்துமேட்டில் ஆயாவும் நானும் என் மாணவனும் மட்டும்தானே இருந்தோம்?

போன வருடம் அந்த ஆயாவின் பேத்தி என்னைத் தேடி வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நிகழ்ச்சியில் ஆயா பாடிய தாலாட்டைப் பாட வேண்டும் என்று ஆசை. சொல் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. அடிக்கு அடி எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டவள், "மெட்டு எப்படி சார்?" என்று கேட்டாள். நானும் பாடிக் காட்டப் பார்த்தேன். எந்த இடத்தில் இழுப்பார், எங்கே மூச்சு வாங்குவார், கடைசி அசையை எப்படி மூக்கில் முடிப்பார் என்பதெல்லாம் என் தொண்டைக்கு வரவில்லை. இது நோட்டில் எழுதக்கூடிய சமாச்சாரமாக இருந்திருந்தால் நான் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தே இருக்கமாட்டேன்.

பொறியாளர்களே, இது ஒரு தனி மனிதரின் அஜாக்கிரதை என்று நீங்கள் ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காக உங்கள் தொழிலின் வரலாற்றையே கொஞ்சம் படித்தேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாட்டு நிறுவனங்களின் பயம் பொய்யானது அல்ல. 1980-களில் நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பிடித்த பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்து அறுபது நிமிட, தொண்ணூறு நிமிட காசெட்டில் பதிந்து வாங்குவோம். நானும் வாங்கியிருக்கிறேன். இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் அதில் ஒரு காசு போகவில்லை. அது தப்பு. அதைத் தடுக்க நினைத்ததும் நியாயம்.

ஆனால் தடுத்த விதத்தைப் பாருங்கள். 1987-ல் ஜப்பானில் டாட் எனப்படும் டிஜிட்டல் ஒலிநாடா விற்பனைக்கு வந்தது. எத்தனை முறை நகல் எடுத்தாலும் தரம் குறையாது என்பதால் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் அரண்டுபோயின. சி.பி.எஸ். நிறுவனம் ஒரு வழி சொன்னது: வெளியிடும் இசையில் 3,840 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மெல்லிய துண்டை வெட்டி எடுத்துவிடுவது, அந்த இடம் காலியாக இருப்பதைக் கண்டால் ரெக்கார்டர் பதிய மறுத்துவிடும். நகலைத் தடுப்பதற்காக இசையிலேயே ஓட்டை போடும் யோசனை. அமெரிக்க அரசின் தர ஆய்வகம் அதைச் சோதித்து, ஒலி கெடுவது காதுக்குத் தெரிகிறது, தடுப்பைத் தாண்டுவதும் எளிது என்று 1988-ல் அறிக்கை கொடுத்த பிறகுதான் அந்த யோசனை கைவிடப்பட்டது.

அடுத்து 1992-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வீட்டு உபயோக டிஜிட்டல் ரெக்கார்டர் ஒவ்வொன்றிலும் தொடர் நகல் தடுப்பு இருந்தாக வேண்டும்: மூலத்திலிருந்து ஒரு நகல் எடுக்கலாம், நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்க முடியாது. இதில் எனக்கு நெஞ்சை உறுத்தும் விஷயம், சொந்த மைக்கில் பதிந்ததற்கும் இதே விதி என்பதுதான். ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் தானே வாசித்ததைத் தன் கருவியில் பதிந்தாலும், ரெக்கார்டர் அதன்மேல் ஒரு முத்திரை குத்திவிடும். இரண்டாம் தலைமுறை நகலில் வழி அடைபட்டுவிடும். தொழில்முறை ஸ்டுடியோக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. பணம் உள்ள ஸ்டுடியோ தப்பித்துக்கொண்டது. மாட்டிக்கொண்டவர் வீட்டில் வாசித்தவர்.

மினிடிஸ்க் கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். (நான் வைத்திருந்தது அந்த வகைக் கருவி அல்ல, சோனி நிறுவனத்தினுடையதும் அல்ல.) 1992-ல் சோனி கொண்டுவந்த சிறிய வட்டு அது. உலகம் முழுக்கப் பத்திரிகையாளர்களும் இசைக்கலைஞர்களும் களஆய்வாளர்களும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். 2001-ல் யு.எஸ்.பி. வசதியோடு வந்தபோது கணினியிலிருந்து பாட்டை வேகமாக வட்டுக்கு ஏற்றலாம்; மைக்கில் பதிந்ததை அதே கம்பி வழியாகக் கணினிக்கு இறக்க முடியாது. ஒரு மணி நேரப் பேட்டியை எடுக்க, ஹெட்போன் துளையில் வயர் சொருகி ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் திரும்பப் பதிய வேண்டும். 2004-ல் வந்த அடுத்த வகையில் இறக்க முடிந்தது. ஆனால் தொடக்கத்தில் அது மறையாக்கத்தோடு அந்தக் கணினிக்குள் பூட்டப்பட்டுத்தான் இறங்கியது. பயனர்கள் விடாமல் கேட்ட பிறகு நிறுவனம் படிப்படியாகத் தளர்த்தி, சாதாரண வேவ் ஃபைலாக மாற்றும் வழியையும் கொடுத்தது. அதற்குள் தொலைத்தவர்கள் தொலைத்ததுதான். 2013-ல் சோனி கருவி விற்பனையை நிறுத்தியது, 2025 பிப்ரவரியில் அதன் வெற்று வட்டுத் தயாரிப்பும் நின்றது. ஆர்வலர்கள் சிலர் சம்பளம் வாங்காமல் எழுதிய இலவச மென்பொருள்தான் இன்று பல பழைய வட்டுகளிலிருந்து குரல்களை மீட்கிறது. அவர்களும் உங்களைப் போன்ற பொறியாளர்கள்தாம். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இந்த மூன்று கதைகளிலும் நான் மறுபடி மறுபடி போய் நிற்பது ஒரே இடத்தில். ஒலி எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று கருவிக்குத் தெரியும். குறுந்தகட்டிலிருந்து டிஜிட்டல் கம்பி வழியாக வந்ததா, மைக் வழியாக வந்ததா என்பது அதன் மின்சுற்றிலேயே தனித்தனிப் பாதை. தெரிந்திருந்தும் எல்லா ஒலியையும் களவுப் பொருள் போல நடத்தினார்கள். மைக்கில் பாட்டை ஓடவிட்டும் ஒருவன் திருடலாமே என்று நீங்கள் கேட்கலாம். திருடலாம்தான். அப்படித் திருடுகிற ஒருவனுக்காக, பிள்ளையின் முதல் மழலையையும் தாத்தாவின் கடைசிப் பேச்சையும் பதிகிற இத்தனை பேரைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்?

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் நிதானமாகவே இருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் வழியாக 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பிறர் உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு என்கிறது அது. மீறும் நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். என் பதிவை நான் திறப்பதில் யார் உரிமையை மீறுகிறேன்? அந்தப் பாட்டில் ஒருவருக்கு உரிமை உண்டென்றால் அது பாடிய ஆயாவுக்கு. அவர் மனமுவந்து பாடினார், என் மக்கள் கேட்கட்டும் என்றும் சொன்னார். சட்டம் எனக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் எழுதிய நிரல்தான் மூடி வைத்திருக்கிறது.

நூறு வருடத்துக்கு முந்திய ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. கிரியர்சன் நடத்திய இந்திய மொழியியல் ஆய்வையொட்டி 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகளின் பேச்சை இசைத்தட்டில் பதிந்தார்கள். வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த ஊதாரி மகன் உவமையைப் பலரைத் தத்தம் மொழியில் சொல்லச் சொன்னார்கள். தமிழும் அதில் இருக்கிறது. கரகரப்புக்கு நடுவே அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேசியவர் இல்லை, பதிந்தவர் இல்லை, அன்றைய ஆங்கிலேய அரசாங்கமே இல்லை. தட்டில் கீறல் இருந்தது, ஊசி வைத்தார்கள், பேசியது. திறக்க மறுத்தபோது என் குறுந்தகட்டுக்கு வயது மூன்றே மூன்று.

பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் 2021-ல் காப்பு நகலுக்கு மறையாக்க வசதி வந்தது. வேண்டுமானால் 64 இலக்கச் சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம், தொலைத்தால் நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அது என் வீட்டுப் பூட்டு. சாவி என் இடுப்பில் இருக்கிறது, தொலைத்தால் என் பிழை. எனக்கு நேர்ந்ததில் சாவி இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் கதவுக்குப் பூட்டு மாட்டிவிட்டுப் போனால் அதற்கு ஊரில் வேறு பெயர்.

இன்றைக்கு ரெக்கார்டர் வாங்குபவர்கள் குறைவு, எல்லாம் போனில்தான். அதனால் இந்தக் கவலை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பதிவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் செயலிகளை நான் பார்க்கிறேன். கேட்க வேண்டுமானால் அதற்குள்தான் கேட்க வேண்டும். வெளியே எடுக்க மாதச் சந்தா. நிறுவனம் கடையைக் கட்டினால் குரலும் அதோடு போகும். இப்போது களஆய்வுக்குப் போகும் பிள்ளைகள் இவற்றில்தான் பதிகிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மைக் வழியாக வந்த ஒலி எதுவாக இருந்தாலும் அதைப் பூட்டாமல், யாரும் திறக்கக்கூடிய வேவ் அல்லது ஃபிளாக் ஃபைலாகச் சேமியுங்கள். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் பாதுகாப்புக்கு வேவ் வடிவத்தை, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பரிந்துரைக்கிறது. அந்த அளவை எங்கள் மாணவர்கள் தேடிப் பிடிக்கத் தேவையில்லாதபடி முதல் தேர்வாகவே வையுங்கள். கம்பியில் இணைத்தால் போல்டராகத் தெரியட்டும். தயாரிப்பை நிறுத்த முடிவெடுத்தால், கடைசி வெளியீடாகப் பூட்டை அவிழ்த்துவிடும் ஒரு சிறிய மென்பொருளைக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. யாராவது நகல் எடுத்து வைக்கும்போது, இந்த நகல் வேறு கணினியில் திறக்காது என்றால், அந்த இடத்திலேயே, அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுங்கள். அந்த நான்கு குறுந்தகடுகளையும் எழுதிய மதியம் மென்பொருள் ஒவ்வொரு முறையும் வெற்றிகரமாக முடிந்தது என்றது. ஒரே ஒரு வரி எச்சரிக்கை வந்திருந்தால் நான் அன்றைக்கே ஹெட்போன் துளையில் வயரைச் சொருகி, 31 மணி நேரத்தையும் ஒரு வாரம் உட்கார்ந்து காசெட்டில் ஏற்றியிருப்பேன். வேலைக்கு நான் சோம்பியவன் இல்லை.

மிச்சமுள்ள நாற்பது நிமிடமும் அப்படித் தப்பியதுதான். ஒரு மாணவி வீட்டில் கணினி இல்லை. அவள் ஆய்வுக்காக 2006-ல் ஸ்பீக்கர் முன்னால் பழைய டேப்ரிக்கார்டரை வைத்து ஒரு பகுதியைப் பதிந்து கொடுத்தேன். அறையில் ஓடிய மின்விசிறியின் சத்தம் அதில் இருக்கிறது. நாற்காலி இழுபடும் சத்தமும் இருக்கிறது. ஒப்பாரியின் பாதி இருக்கிறது, அந்தப் பஸ் ஹாரன் வரை. தாலாட்டு அதில் இல்லை. காசெட்டைக் கணினியில் ஏற்றி, பூட்டில்லாத ஃபைலாக ஒரு பென் டிரைவில் போட்டுப் பேத்தியிடம் கொடுத்தேன். இன்னொரு பிரதியைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்துக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

குறுந்தகடுகள் நான்கும் என் பீரோவில், வெயில் படாத தட்டில் இருக்கின்றன. நகல்களை நகலெடுத்து ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்திருக்கிறேன். பழுதான பழைய ஹார்ட் டிஸ்க்கையும் எறியவில்லை. அந்த நாட்களில் ஏதோ ஒரு அலுவலகத்தில் இப்படிப்பட்ட பூட்டை எழுதியவர் உங்களில் ஒருவராகவும் இருக்கக்கூடும். அதன் வழிமுறை நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள். மூன்றாவது குறுந்தகடு, 2005 மே மாதம், ஏழாவது ஃபைல். முதலில் அதைத் திறக்க வேண்டும். தாலாட்டு அதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்